இரண்டு மலை, நடுவில் ஒரு சூரியன்

சித்திரப் பெட்டி: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஐயா, என் தம்பி ஒஸ்லோவில் இருக்கிறான். போன மாதம் ஊருக்கு வந்தபோது ஒரு படத்தின் அச்சுப் பிரதியைக் கொண்டுவந்து தந்தான். எட்வர்ட் முங்க் என்ற நோர்வே ஓவியர் 1881இல் வரைந்த மரிடாலன் என்ற இடத்து இயற்கைக் காட்சியாம். மரம், நிலம், வானம், இவ்வளவுதான் எனக்குத் தெரிகிறது. சாதாரண தரத்துக்குச் சித்திரம் எடுத்திருக்கும் மகள் பார்த்துவிட்டு, “அந்த அலறுகிற ஆளைக் கீறினவர்தானே இவர், இது அவர் கீறினது மாதிரியே இல்லையே, மாமாவை ஆரோ ஏமாத்திப்போட்டாங்க” என்கிறாள். தம்பிக்குச் சரியான கோபம். யார் சொல்வது சரி?
– ஒரு வாசகி, களுவாஞ்சிக்குடி

பதில்: தம்பியை யாரும் ஏமாற்றவில்லை, முதலில் அவரைச் சமாதானப்படுத்துங்கள். அச்சுப் பிரதிக்கு எவ்வளவு கொடுத்தார் என்பதை மட்டும் கேட்காதீர்கள், அந்த நாட்டு விலையைக் கேட்டால் உங்களுக்குக் கோபம் வரும்.

மகளின் கண்ணும் நல்ல கண்தான். ‘அலறல்’ வரைந்த கை மாதிரி இது இல்லை, இருக்கவும் முடியாது. முங்க் பிறந்தது 1863 டிசம்பர் 12. 1881 என்றால் 17 வயது, உங்கள் மகளைவிட ஒன்றோ இரண்டோ வயது கூட. அலறல் வந்தது 1893இல். நடுவில் 12 வருடம் கிடக்கிறது. அதற்குள் மனுசன் பாரிசுக்குப் போய், தகப்பனைப் பறிகொடுத்து, 1892இல் பெர்லினில் வைத்த கண்காட்சியை ஒரே கிழமையில் இழுத்து மூடுகிற அளவுக்கு அந்த ஊர் ஓவியர்களுக்குள் ஒரு சண்டையையும் கிளப்பிவிட்டார். 17 வயதுப் பொடியனின் படத்துக்குள் முப்பதை நெருங்கிய ஆளின் அலறலைத் தேடினால் எப்படிக் கிடைக்கும்?

இந்தப் படம் எந்த நேரத்தில் வரையப்பட்டது என்று தெரிந்தால் கொஞ்சம் வேறு மாதிரித் தெரியும். தகப்பன் இராணுவ வைத்தியர், பக்தி அதிகம், காசு குறைவு. மகன் பொறியியல் படிக்கட்டும் என்று 1879இல் தொழில்நுட்பக் கல்லூரியில் சேர்த்தார்கள். பொடியனுக்கு அடிக்கடி நோய், வகுப்புக்குப் போனது பாதி, போகாதது பாதி. 1880 நவம்பரில் தன் நாட்குறிப்பில் ஓவியனாவதென்று முடிவெடுத்துவிட்டதாக எழுதிவைத்தார், அடுத்த வருடமே சித்திரப் பள்ளிக்குப் போய்விட்டார். அந்த முடிவு எடுத்த கையோடு செய்த வேலைகளில் ஒன்றுதான் உங்கள் வீட்டுக்கு வந்திருப்பது.

மரிடாலன் என்பது நகரத்துக்கு வடக்கே உள்ள பள்ளத்தாக்கு. (1881இல் அந்த நகரத்துக்கு ஒஸ்லோ என்று பெயரே இல்லை, கிறிஸ்தியானியா. பெயர் மாறியது 1925இல். தம்பிக்குத் தெரிந்திருக்கும், இருந்தாலும் சொல்லிப் பாருங்கள்.) அங்கே ஒரு பெரிய ஏரி இருக்கிறது. இன்றைக்கு ஒஸ்லோ சனங்கள் குடிக்கிற தண்ணீரில் பெரும்பகுதி அதிலிருந்துதான் வருகிறது, அதனால் அதில் இறங்கிக் குளிக்கக்கூடத் தடை. நமக்கு உன்னிச்சைக் குளம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் உன்னிச்சையில் குளிக்காதே என்று சொல்லிப் பார்க்கட்டும், யார் கேட்பார்கள். அந்த ஏரியிலிருந்து அக்கர்செல்வா என்றொரு ஆறு இறங்கி, 10 கிலோமீற்றருக்கும் குறைந்த தூரத்துக்குள் நகரத்தை ஊடறுத்துக் கடலில் விழுகிறது. முங்க் குடும்பம் அந்த நாட்களில் வாடகைக்கு இருந்தது அந்த ஆற்றை ஒட்டிய பகுதியில். ஆற்றோரம் முழுக்க ஆலைகள்.

அப்படியென்றால் இந்தப் பொடியன் செய்தது என்ன? வீட்டுக்குப் பக்கத்தில் ஓடுகிற தண்ணீர் எங்கிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் போய், அங்கே என்ன இருக்கிறதோ அதை எண்ணெய் வர்ணத்தில் ஒரு சிறிய படமாக வரைந்திருக்கிறான். நோர்வே என்றதும் வெளிநாட்டுக்காரன் எதிர்பார்க்கிற பனி மலையையும், செங்குத்தாக விழுகிற அருவியையும், மலைகளுக்கு நடுவில் கடல் புகுந்து கிடக்கிற பெரிய பியோர்ட் காட்சியையும் தேடிப் போகவில்லை. அந்த மாதிரிப் படங்களுக்கு அப்போது அங்கே நல்ல மரியாதை இருந்தது, முந்திய தலைமுறை பெரிய ஓவியர்கள் எல்லாம் அதைத்தான் வரைந்தார்கள். இவன் பக்கத்துப் பள்ளத்தாக்கைப் பார்த்தான். எனக்கு இந்தப் படத்தில் பிடித்தது அது ஒன்றுதான்.

உள்ளதைச் சொல்கிறேன், இது மகா படமொன்றும் இல்லை. முங்க் என்ற பெயர் கீழே இல்லாவிட்டால் தம்பியும் அதைத் தாண்டிப் போயிருப்பார். ஆனாலும் மகளிடம் ஒரு வேலை கொடுங்கள். படத்தில் எத்தனை பச்சை இருக்கிறது என்று எண்ணச் சொல்லுங்கள். பெட்டியிலிருந்து எடுத்தபடி பூசின பச்சை எது, இரண்டு மூன்றைக் கலந்து பிடித்த பச்சை எது என்று பிரிக்கச் சொல்லுங்கள். அச்சில் நிறம் கொஞ்சம் மாறியிருக்கும், பரவாயில்லை. அரை மணித்தியாலம் அதோடு இருந்தாளென்றால் மாமாவோடு சண்டை பிடிக்க மறந்துபோவாள்.

நோர்வே என்றால் எங்கள் பக்கத்தில் பலருக்கு 2002 போர்நிறுத்த உடன்படிக்கை ஞாபகம் வரும், கண்காணிப்புக் குழுவின் வாகனங்கள் மட்டக்களப்புத் தெருக்களில் ஓடித்திரிந்தது ஞாபகம் வரும், கொஞ்சம் முந்தியவர்களுக்கு வட நோர்வேயின் மீன் தொழிற்சாலைகளுக்கு வேலைக்குப் போன சொந்தக்காரர்கள் ஞாபகம் வரும். ஒரு படத்தைப் பற்றி அந்த நாட்டைச் சொல்லிக் கடிதம் வந்தது எனக்கு இதுதான் முதல் தடவை. நன்றி.

கேள்வி: அவருடைய பெயரை எப்படிச் சொல்வது? மன்ச்சா, மஞ்சா, முன்ச்சா?
– ஒரு வாசகர், கல்முனை

பதில்: மஞ்சி பிஸ்கட் சாப்பிட்டு வளர்ந்த நாடு இது, உங்களைக் குறை சொல்ல முடியாது. முங்க். நோர்வேக்காரர் இந்தப் பெயரில் ‘ச்’ சொல்வதில்லை.

கேள்வி: சேர், நான் 11ஆம் வகுப்பு. இயற்கைக் காட்சி என்று பாடசாலையில் தந்தால் எல்லாரும் ஒரே படத்தைத்தான் கீறுகிறோம். வெளியில் இருந்து கீற ஆசை, ஆனால் எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. பெயின்ற் விலையும் கூட.
– ஒரு மாணவன், செங்கலடி

பதில்: தம்பி, அந்த ஒரே படத்தை நான் சொல்லவா? இரண்டு முக்கோண மலை. நடுவில் அரைவட்டச் சூரியன், கதிர் அடிமட்டம் வைத்துக் கோடு போட்டது. மலையிலிருந்து வளைந்து வளைந்து வருகிற ஆறு, கரையில் ஓடு போட்ட வீடு, வீட்டுக்குப் பக்கத்தில் சாய்ந்த தென்னை, வானத்தில் நாலு பறவை. 30 வருடத்துக்கு மேலாக இந்தப் படத்துக்குப் புள்ளி போட்ட கை இது.

நான் கேட்கிறேன், மட்டக்களப்பில் எங்கே தம்பி இரண்டு மலை? மேற்கே தூரத்தில் குடும்பிமலை இருக்கிறது, அது ஒற்றை மலை. சரி, அதையே மலையாக வைத்தாலும் சூரியன் அங்கே உதிக்குமா? நமக்குச் சூரியன் எழும்புவது கடலில். படுப்பது வாவிக்கு அங்கால. சூரியன் எழும்புகிற பக்கம் எழுவான்கரை, படுகிற பக்கம் படுவான்கரை என்று நிலத்துக்கே பெயர் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள் முன்னோர்கள். அவ்வளவு கூர்மையாகப் பார்த்த சனத்தின் பிள்ளைகள் நாங்கள், மலைக்கு நடுவில் சூரியனை எழுப்பிக்கொண்டு இருக்கிறோம்.

பிள்ளைகளைச் சொல்லிக் குற்றமில்லை, குற்றம் என்னைப் போன்றவர்களில்தான். ஒரு கதை சொல்கிறேன். பல வருடங்களுக்கு முன், மார்கழி மாதம், வவுணதீவுப் பக்கமிருந்து வருகிற ஒரு பொடியன் வாவியைக் கீறிக்கொண்டு வந்தான். தண்ணீர் முழுக்கப் பழுப்பு. சிவப்புப் பேனையால் “தண்ணீர் நீல நிறம்” என்று எழுதி மூன்று புள்ளி வெட்டினேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த கிழமை ஒரு செத்த வீட்டுக்கு வலையிறவுப் பாலத்தால் அந்தப் பக்கம் போனேன், மழை கொஞ்சம் விட்டிருந்தது, பாலத்தில் நின்று கீழே பார்த்தால் வாவி பிளேன்ரீ மாதிரி ஓடுகிறது. வயல் வெள்ளமெல்லாம் மண்ணைக் கரைத்துக்கொண்டு வருகிற காலம், நீலம் எங்கே இருக்கும்? முகத்துவாரத்தை வெட்டிவிட்டு வெள்ளம் வடிந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பச்சைக்கு வரும், பங்குனி சித்திரையில் மத்தியான வெயிலில் வெள்ளையாகக் கண்ணைக் கூசும். நீலமும் உண்டு, வானம் துடைத்துவிட்ட மாதிரி இருக்கிற காலை நேரத்தில். பிறந்ததிலிருந்து அந்த வாவியைத் தாண்டித்தான் நான் கடைக்குப் போகிறேன், கோயிலுக்குப் போகிறேன், இருந்தும் அந்தப் பொடியன் பார்த்ததை நான் பார்க்கவில்லை. புள்ளியைத் திருத்திக் கொடுத்தேன். மன்னிப்புக் கேட்டேனா என்றால், இல்லை. அந்தக் காலத்தில் வாத்திமார் கேட்கமாட்டார்கள்.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். வெளியில் இருந்து வர்ணத்தோடு வரைவது என்பதே உலகத்தில் ரொம்பப் பழைய விஷயமில்லை. முன்பு எண்ணெய் வர்ணத்தைக் கரைத்துப் பன்றியின் சிறுநீர்ப்பையில் கட்டி வைப்பார்கள், குத்தி எடுத்தால் மறுபடி மூட முடியாது, வர்ணம் காய்ந்துபோகும். 1841இல் ஜோன் ராண்ட் என்ற அமெரிக்க ஓவியர் பிதுக்கி எடுக்கிற உலோக ரியூபைக் கண்டுபிடித்தார், அதற்குப் பிறகுதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வயலுக்கும் ஆற்றுக்கும் போகிற பழக்கம் பெருகியது. முங்கும் அந்த ரியூப் தலைமுறைதான். 1880களில் நோர்வேயின் இளம் ஓவியர்கள் எல்லோருக்கும் வெளிக்காற்றில் வரைகிற பைத்தியம் பிடித்திருந்தது. பிரிட்ஸ் தவ்லோ என்ற ஓவியர் மொடும் என்ற இடத்தில் அதற்கென்று ஒரு திறந்தவெளிப் பள்ளியே நடத்தினார், முங்கும் அங்கே போய்ப் பழகினார்.

உனக்கு ரியூப் வேண்டாம். போஸ்டர் கலரில் வெள்ளை, மஞ்சள், சிவப்பு, நீலம், ஒரு மண்ணிறம், இந்த ஐந்தும் போதும். பச்சை வாங்காதே, வாங்கினால் அதையே பூசுவாய். தளபாடக் கடையில் வெட்டிப் போட்ட ஹாட்போட் துண்டு கேட்டால் தருவார்கள், அதில் வெள்ளைச் சுவர்ப் பெயின்ற் ஒரு பூச்சு அடித்துக் காயவிடு. கொப்பி அளவைவிடப் பெரிதாக எடுக்காதே. சின்னத் துண்டென்றால் ஒரே இருப்பில் முடிக்கலாம், பெரிதென்றால் வீட்டில் முடிக்கலாம் என்று தூக்கிக்கொண்டு வருவாய், வீட்டில் மலை முளைத்துவிடும்.

இன்னொன்று. ஒஸ்லோ பூமத்திய ரேகைக்கு வடக்கே கிட்டத்தட்ட 60 பாகையில் இருக்கிறது. அங்கே ஆனி மாதத்தில் சூரியன் இரவு பத்தரைக்குப் பிறகுதான் இறங்கும், இறங்கின பிறகும் வெளிச்சம் போக மனமில்லாமல் நின்றுகொண்டே இருக்கும், ஓவியன் ஆறுதலாக வரையலாம். நாம் 8 பாகைக்கும் குறைவு. படுவான்கரைப் பக்கம் சூரியன் விழுந்ததென்றால் 20, 25 நிமிடத்தில் தூரிகை எது குச்சி எது என்று தெரியாது. அதனால் பொழுதுபடுகிற நேரத்தை உட்கார்ந்து வரையப் பார்க்காதே. நின்று பார், பென்சிலால் ஒரு துண்டில் நிறங்களின் பெயரை எழுதிக்கொள், விடிந்து எழும்பி வரை. முங்கே பிற்காலத்தில் “நான் காண்பதை வரைவதில்லை, கண்டதை வரைகிறேன்” என்று சொன்னவர்தான். ஆனால் அதை அவர் சொன்னது பத்து வருடம் மரிடாலன் மாதிரி இடங்களில் இருந்து கண்டதற்குப் பிறகு, அதை மறந்துவிடாதே.

கேள்வி: அலறல் படத்தில் வானம் இரத்தச் சிவப்பாக இருப்பதற்கு எரிமலை காரணம் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். உண்மையா?
– ஒரு வாசகர், பொத்துவில்

பதில்: பொத்துவிலில் இருந்து இந்தக் கேள்வி வருவது எவ்வளவு பொருத்தம் என்று உங்களுக்குத் தெரியுமோ தெரியாது.

1883 ஆகஸ்ட் 26, 27இல் ஜாவாவுக்கும் சுமாத்திராவுக்கும் நடுவிலுள்ள கிரகட்டோவா எரிமலை வெடித்தது. 36,000 பேருக்கு மேல் செத்தார்கள், பெரும்பாலானோர் கடல் அலையில். வானத்துக்குப் போன தூசி மாதக்கணக்கில் பூமியைச் சுற்றி நின்றதால் அந்த வருடக் கடைசியில் ஐரோப்பாவிலும் பொழுதுபடுகிற வானம் நெருப்புப் பிடித்த மாதிரிச் சிவந்தது. முங்குக்கு அப்போது 19, 20 வயது. அதைத்தான் பத்து வருடம் கழித்து வரைந்தார் என்று சில வானியல் ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். வேறு சிலர், இல்லை, அது குளிர்காலத்தில் வடக்கு நாடுகளில் எப்போதாவது தெரிகிற முத்துச்சிப்பி நிற மேகம் என்கிறார்கள். எனக்கு இரண்டிலும் முழு நம்பிக்கை இல்லை. மனம் கலங்கின ஆளுக்குச் சாதாரணச் செவ்வானமே போதும், எரிமலை வேண்டியதில்லை.

ஆனால் பொருத்தம் என்று சொன்னேனே, அது இது: அந்தக் கிரகட்டோவா அலை ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் கடந்து இலங்கைக்கும் வந்தது, உங்கள் ஊருக்குப் பக்கத்து அறுகம்பையில் ஒரு பெண்ணை அடித்துக்கொண்டு போனதாக அந்தக் கால அறிக்கைகளில் பதிவு இருக்கிறது.  கடல் உள்ளே வருவதென்றால் என்னவென்று 2004 மார்கழிக்குப் பிறகு நமக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. அதே வெடிப்பின் தூசி நோர்வே வானத்தைச் சிவப்பாக்கியது, அங்கே ஒரு இளைஞன் அண்ணாந்து பார்த்திருக்கவும்கூடும்.

படத்தைப் பற்றி முங்க் எழுதியதைப் பார்த்தால் வேறொரு விஷயம் தெரியும். 1892 ஜனவரியில் பிரான்சின் நீஸ் நகரத்தில் இருந்தபோது எழுதிய குறிப்பு: இரண்டு நண்பர்களோடு நடந்துபோகிறேன், சூரியன் விழுந்தது, வானம் திடீரென்று இரத்தமானது, களைத்துப்போய் வேலியில் சாய்ந்தேன், நண்பர்கள் நடந்தார்கள், நான் நடுங்கிக்கொண்டு நின்றேன், இயற்கைக்குள் ஒரு பெரிய அலறல் போவதை உணர்ந்தேன் என்று வருகிறது. ஜெர்மன் மொழியில் அந்தப் படத்துக்கு அவர் வைத்த பெயரே ‘இயற்கையின் அலறல்’. பாலத்தில் நிற்கிற ஆள் காதைப் பொத்துவது அதனால்தான். அலறுவது வானமும் தண்ணீரும், அவன் கேட்கிறவன். களுவாஞ்சிக்குடி அக்காவின் மகள் இதையும் வாசிக்க வேண்டும்: 12 வருடம் கழித்தும் அந்தப் பொடியன் இயற்கைக் காட்சிதான் வரைந்துகொண்டிருந்தான், இந்தத் தடவை பள்ளத்தாக்குக்குப் பதிலாக நகரத்தைப் பார்த்தபடியுள்ள எக்கபெர்க் மேட்டிலிருந்து.

கேள்வி: என் மகன் உயர்தரத்தில் கணிதப் பிரிவு. இப்போது ஓவியம்தான் படிப்பேன் என்கிறான். முங்க் பொறியியலை விட்டவர் என்று எனக்கே பாடம் எடுக்கிறான். என்ன சொல்வது?
– ஒரு தகப்பன், வாழைச்சேனை

பதில்: இந்தப் பகுதி அவன் கையில் கிடைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், நான் முதல் கேள்வியிலேயே அவனுக்குச் சாதகமாகப் பேசிவிட்டேன்.

முங்க் பொறியியலை விட்டது உண்மை, தகப்பனுக்குப் பிடிக்கவில்லை என்பதும் உண்மை. ஆனால் அதற்குப் பிறகு நடந்ததை மகன் சொன்னாரா? வீட்டில் ஒரு சின்னம்மா இருந்தார், காரன் என்று பெயர். முங்கின் ஐந்து வயதில் தாய் காசநோயில் போனபிறகு பிள்ளைகளை வளர்த்தவர் அவர்தான், தானே பாசியும் இலையும் ஒட்டிப் படம் செய்கிறவர், பொடியன் வரைவதற்கு ஆதரவாக நின்றவர். 1882இல் முங்க் இன்னும் சில இளைஞர்களோடு சேர்ந்து நகர நடுவில் ஒரு வேலையறையை வாடகைக்கு எடுத்தார், பக்கத்தில் இருந்த கிறிஸ்டியன் குரோக் என்ற மூத்த ஓவியர் வந்து படங்களைத் திருத்திக் கொடுத்தார். பாரிசைப் பார்க்க 1885இல் காசு கொடுத்தது நான் மேலே சொன்ன தவ்லோ. இவ்வளவு கைகள் பிடித்துத் தூக்கியும், பிறகு பல வருடங்கள் கடனும் குடியும் நோயுமாகத்தான் போனது.

நமக்குக் கல்லடியில் விபுலானந்த அழகியல் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது, கட்புலக் கலையில் பட்டமே படிக்கலாம், வழி அடைபட்டுக் கிடக்கவில்லை. கணிதத்தை முடித்துவிட்டு வா என்று சொல்லுங்கள், அதற்குள் வாரத்துக்கு ஒரு படம் வெளியில் இருந்து வரைந்து காட்டச் சொல்லுங்கள். ஒரு வருடத்தில் 52 படம் வந்ததென்றால் வாயை மூடிக்கொண்டு அனுப்பிவிடுங்கள். ஐந்தாறோடு நின்றதென்றால் அவனே உங்களிடம் வந்து பேசுவான்.

கேள்வி: முங்க் படங்கள் என்ன விலை போகின்றன?
– ஒரு வாசகர், ஏறாவூர்

பதில்: அலறலுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட பிரதிகள் உண்டு, எல்லாம் அவர் கையால் செய்தவை. 1895இல் பேஸ்டலில் செய்த ஒன்று 2012இல் நியூயோர்க் ஏலத்தில் கிட்டத்தட்ட 12 கோடி அமெரிக்க டொலருக்குப் போனது. வேறு பிரதிகளை 1994இல் ஒரு தடவையும் 2004இல் ஒரு தடவையும் களவெடுத்தார்கள், இரண்டும் திரும்பக் கிடைத்தன. ஆனால் அவர் வரைந்ததில் பெரும்பகுதி விற்பனைக்கே வராது. 1944இல் சாகும்போது தன்னிடம் இருந்த ஆயிரத்துக்கு மேற்பட்ட ஓவியங்களையும் ஆயிரக்கணக்கான அச்சுப் படங்களையும் ஒஸ்லோ நகரத்துக்கே எழுதிவைத்துவிட்டார். அதற்கென்று 1963இல் ஒரு அருங்காட்சியகம் திறந்து, அது போதாமல் 2021இல் கடலோரத்தில் 13 மாடியில் புதிதாகக் கட்டியிருக்கிறார்கள். மனுசன் விற்க மனமில்லாதவர், படங்களைப் பிள்ளைகள் என்று சொல்லிக்கொண்டிருந்தவர்.

கேள்வி: திரும்பவும் நான்தான் ஐயா, கடிதத்தின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். படத்தை எங்கே மாட்டுவது? எங்கள் வீடு கடற்கரைக்குக் கிட்ட. மகள் அதைப் பார்த்து அப்படியே கீறப்போகிறாளாம், கீறலாமா, சட்டப் பிரச்சினை வருமா?
– அதே வாசகி, களுவாஞ்சிக்குடி

பதில்: சட்டப் பிரச்சினை இல்லை. வரைந்தவர் செத்து 70 வருடம் தாண்டிவிட்டது, யாரும் கேட்கமாட்டார்கள்.

மாட்டுவதைப் பற்றிச் சொன்னால், முங்க் தன் படங்களை வீட்டு முற்றத்தில் மழையிலும் பனியிலும் வேண்டுமென்றே நிற்கவிட்டவர், தாங்கினால் நல்ல படம் என்பது அவர் எண்ணம், ‘குதிரை வைத்தியம்’ என்று அதற்குப் பெயர். நம் ஊரில் அந்த வைத்தியத்தை உப்புக் காற்றும் பூஞ்சணமும் இலவசமாகச் செய்யும். கண்ணாடிச் சட்டம் போடுங்கள், பின்னால் காட்போட் வைத்துச் சுற்றி ரேப் ஒட்டுங்கள், வெளிச் சுவரில் மாட்டாமல் உள் சுவரில் மாட்டுங்கள், சட்டத்தின் நாலு மூலையிலும் பின்பக்கம் ஒவ்வொரு துண்டு றப்பர் ஒட்டிவிட்டால் சுவருக்கும் படத்துக்கும் நடுவில் காற்றுப் போகும். சமையலறைப் பக்கம் வேண்டவே வேண்டாம்.

மகள் பார்த்துக் கீறட்டும், ஒரு தடவை. அந்தப் பச்சைகளை எப்படிக் கலந்தான் என்று கை படிப்பதற்கு அதைவிட நல்ல வழி இல்லை. இரண்டாவது தடவை கீறக் கேட்டால் படத்தை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, விடிய ஐந்தரைக்கு எழுப்பி வாவிப் பக்கம் அனுப்புங்கள். பக்கத்தில் குருக்கள்மடம் இருக்கிறது, எருவிலுக்கும் போகலாம், கண்டல் மரத்துக்குக் கீழே தோணி கட்டிக்கிடக்கிற இடமாகப் பார்த்து இருக்கட்டும். தண்ணீருக்கு மிகக் கிட்டப் போகவேண்டாம், முதலை உண்டு. தம்பி இன்னும் ஒஸ்லோவுக்குத் திரும்பவில்லை என்றால் அவரையும் கூட அனுப்புங்கள், ஏழு மணிக்கு வெயில் ஏறிவிடும், குடை பிடிக்க ஒரு ஆள் வேண்டும்.